ஏழில் நின்ற எண்ணிக்கை

கடைத்தெரு முனை சலூன்காரரின் வலது ஆள்காட்டி விரல் பதினோரு வருஷமாக உறைந்தே இருக்கிறது. மடக்கலாம், நீட்டலாம், கத்திரி பிடிக்கலாம். சூடு மட்டும் ஏறாது. கோடையில் அதிலிருந்து லேசாகப் புகை வரும்.

எல்லாம் ஒரு மருவால் வந்த வினை. விரல் நுனியில் மிளகளவு முளைத்தது, மூன்றே மாதத்தில் சுண்டைக்காய் அளவு ஆனது. அதைக் கன்னத்தருகே பார்த்த வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக எதிர்க்கடைக்கு நழுவினார்கள். ஈ ஓட்டி அலுத்துப்போய்த் தோல் டாக்டரிடம் போனார். அந்த டாக்டர் குடுவையிலிருந்து திரவ நைட்ரஜனைப் பீய்ச்சி மருவை உறைய வைப்பவர். சத்தம் போட்டுப் பத்து எண்ணுவார், பத்தில் நிறுத்துவார். ஆனால் சலூன்காரருக்கு வாய் சும்மா இருக்காதே. டாக்டர் நாலு எண்ணும்போதே, எதிர்க்கடைக்காரர் ஒரு மாப்பிள்ளையின் மீசையில் பாதியை வழித்துவிட்ட கதையை ஆரம்பித்தார். டாக்டர் ஏழில் நின்று, "அய்யய்யோ, அப்புறம்?" என்றார். கதை முடியக் கால் மணி நேரம் ஆனது. அதுவரை பீய்ச்சலும் நிற்கவில்லை.

மரு ஒரு வாரத்தில் உதிர்ந்தது. குளிர் போகவில்லை. பிடரியில் விரல் பட்டதும் ஆட்கள் துள்ளினார்கள்; தபால்காரருக்குக் காதோரம் கத்தி கீறியது. மிச்சமிருந்த நாலு பேரும் போனார்கள். "கடைய மூடிட்டு ஐஸ் விக்கப் போங்க" என்றாள் மனைவி. அவர் சிரித்தார், உள்ளுக்குள் அழுகைதான் வந்தது.

மனசு கேட்காமல் டாக்டரே ஒருநாள் முடி வெட்டிக்கொள்ள வந்து உட்கார்ந்தார். பிடரி முடியைத் தூக்கிய சலூன்காரர் அசந்துபோனார். ஊருக்கெல்லாம் மரு எடுத்தவரின் பிடரியில் கொத்தாக ஐந்து மரு! தன் பிடரி அவருக்கு எப்படித் தெரியும், பாவம்.

"டாக்டர், ஆடாம இருங்க."

"என்னங்க பண்ணப் போறீங்க?"

"நீங்க எனக்குப் பண்ணினதத்தான். ஆனா எண்ணுறது நான்."

விரலை வைத்தார். ஒன்று முதல் பத்து வரை எண்ணினார். இடையில் வேறு ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அடுத்த வாரம் ஐந்து மருவும் டாக்டரின் சட்டைக் காலரில் உதிர்ந்து கிடந்தன. அதைக் கடைத்தெருவில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. சலூன்காரர் பத்து எண்ணும் நேரம் கதை பேசாமல் இருந்ததைத்தான் இன்றும் நம்ப முடியாமல் சொல்லிக்கொள்கிறார்கள்.

இப்போது பிடரி மரு என்றால் டாக்டர் சீட்டெழுதி இங்கேதான் அனுப்புகிறார். எதிர்க்கடைக்காரர்கூடத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருமுறை வந்துபோனார். சுவர்ப் பலகையில் முடிவெட்டு, முகச்சவரம் என்ற இரண்டு வரிகளுக்குக் கீழே மனைவி தன் கையால் மூன்றாவது வரி எழுதி வைத்திருக்கிறாள்: மரு. பத்து எண்ணி முடிக்கும்வரை அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.