மைனஸ் மூன்று

நாற்பத்தோராவது விடைத்தாளில் கணக்கு டீச்சரின் சிவப்புப் பேனா பாதிக் கோட்டில் நின்றுவிட்டது.

கலப்பெண் வகுத்தல். மேலே 1+2i, கீழே 3+4i. மேலேயும் கீழேயும் அதன் இணைக் கலப்பெண்ணான 3−4i-யால் பெருக்க வேண்டும். i இருக்கிற பகுதியின் குறி மட்டும் மாறும், கீழே i ஒழிந்துபோகும். பதினெட்டு வருஷமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிற பாடம். இந்தப் பிள்ளையோ, யார் பெற்றதோ, 3-இன் குறியை மாற்றி −3+4i-யால் பெருக்கி வைத்திருந்தது.

டீச்சருடைய மகளும் இதையேதான் செய்தாள். போன வருஷம், இதே மாதம். சமையல் மேடையில் நோட்டை விரித்து, "அம்மா, இப்படியும் வருதும்மா. போட்டுத்தான் பாரேன்" என்றாள். இவள் போட்டா பார்த்தாள்? குறியைப் பார்த்தாள், குறுக்கே ஒரே கோடு. "கணக்கு டீச்சர் பொண்ணுன்னு வெளிய சொல்லிக்காத. மானம் போகுது." அந்தப் பெண் நோட்டை மூடிக்கொண்டு போனாள். நாலாம் நாள் காய்ச்சல். பத்தாம் நாள் ஆளே இல்லை. பதினேழு வயசு.

டீச்சர் ஒரு வெற்றுத்தாளை இழுத்துப் போட்டுப் பார்த்தாள். கீழே −9, +12i, −12i, −16. இரண்டு i-யும் அடிபட்டுப்போய் −25. மேலே −11−2i. மைனஸுக்கு மைனஸ் போய்விட்டது. புத்தகத்து விடையேதான். மறுபடி போட்டாள். அதேதான். அடிப்பாவி, ஒரு நிமிஷ வேலை! அன்றைக்கு அந்த ஒரு நிமிஷம் உனக்கு இல்லாமல் போயிற்றே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"என்னம்மா, ஒரே பேப்பர்ல உக்காந்துட்டீங்க?" திருத்தும் அறைக்குப் பொறுப்பான சீஃப் எட்டிப் பார்த்தார். "இணையெண் தப்பு. ஒரு மார்க் போட்டுத் தள்ளுங்க."

"விடை சரி சார். மூணும் குடுக்கணும்."

"விடைக்குறிப்புல இந்த வழி இல்லியே."

"இல்லாட்டி என்ன சார்? நீங்களே போடுங்க."

அவர் சலித்துக்கொண்டே நின்றபடி போட்டார். போட்டு முடித்து, "அட, ஆமாம்மா!" என்றார். விடைத்தாளில் மூன்று என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார். "இத்தனை வருஷத்துல எனக்கே தோணல. உங்களுக்கு யாரு சொன்னா?"

"எம் பொண்ணு சார்."

அவர் போன வருஷம் அவள் வீட்டுக்குத் துக்கத்துக்கு வந்திருந்தவர்.

"அவ போட்டது சரின்னு இனி நான் யாருகிட்ட சார் போய்ச் சொல்றது?"

துண்டுக் காகிதம்கூட அந்த அறையைவிட்டு வெளியே போகக் கூடாது. அவள் கணக்குப் போட்ட தாளை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். சீஃப் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.