ஈரம் காயும் முன் எழுதியது

1

இந்தக் கதை என் மனைவியின் வாயில் பிறந்தது.

"ஏங்க, குளியலறை டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுத்துப் போச்சு. என் தம்பியை வரச் சொல்லவா?"

என் மச்சான் கொத்தனார். (நல்ல கொத்தனார். அதுதான் பிரச்சினை.) அவன் வந்து பூசிவிட்டால், ஆயுசுக்கும் அவன் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்துக்கொண்டே நான் குளிக்க வேண்டும்.

"நானே பண்றேன்" என்றேன்.

"போன வருஷம் குழாயைப் பண்ணீங்களே, அந்த மாதிரியா?"

(அன்றைக்குத்தான் கீழ்வீட்டுக்காரர் நீச்சல் கற்றுக்கொண்டார். அது வேறு கதை.)

"சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். முடியலைன்னா தம்பிதான்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள்.

2

பழைய பூச்சைச் சுரண்டினேன். இடுக்கை அடைக்கும் புதுக் கிரவுட் மாவைக் குழைத்து, ரப்பர் பலகையால் பாதிச் சுவரின் இடுக்குகளில் திணித்தேன். டைல்ஸ் மேல் அப்பியதை இருபது நிமிடத்துக்குள் ஈரப் பஞ்சால் துடைத்துவிட வேண்டும் என்று கிரவுட் பையின் மேல் அச்சிட்டிருந்தது. துடைத்திருப்பேன். அந்த நேரம் பார்த்துக் கதைக்கு முதல் வரி தோன்றியது.

"சுவர்களுக்கும் ஞாபகம் உண்டு..." (பொய். அடித்துவிட்டேன்.)

"அந்தக் கிழவன் மண்டியிட்டு..." (யார் கிழவன்?)

மூன்றாவது வரி சரியாக வந்தது. மேலே முதல் வரியாகப் படித்தீர்களே, அதுதான். நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளை டைல்ஸ் மேலெல்லாம் சாம்பல் பூச்சு கல்லாக இறுகியிருந்தது.

3

திரும்பி வந்த மனைவி சுவரின் அழகில் சொக்கி நின்றாள் என்று எழுதிப் பார்த்தேன். அந்தப் பாத்திரம் ஒத்துழைக்கவில்லை. நடந்தது இது:

"எழுதிட்டிருந்தீங்களா?"

"மூணே வரி."

"மூணு வரிக்கு அரைச் சுவரா? நாவல் எழுதியிருந்தா வீடே போயிருக்கும்."

கைபேசியை எடுத்தாள். என் முகத்தைப் பார்த்தாளோ என்னவோ, கீழே வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கும் நாரை நனைத்துத் தேய்த்தாள். ஒரு டைல் மெல்ல வெளுத்தது.

"போகுது. இதை நான் பாத்துக்கறேன். மிச்சத்தை நீங்க பூசுங்க. நடுவுல பேனாவைத் தொட்டீங்க, தம்பிக்கு போன்தான்."

4

பூசிவிட்டேன். பஞ்சு எடுத்து வருகிறேன் என்று சொல்லி அடுப்படிக்கு வந்து, நின்றபடியே இதை எழுதுகிறேன். பதினான்கு நிமிடம் ஆகிவிட்டது.

முடிவு இரண்டு இருக்கிறது. ஒன்றில், மச்சான் விருந்தாளியாக வந்து, இடுக்கு இடுக்காக நகத்தால் கீறிப் பார்த்து, குறை கிடைக்காமல் வாடிப் போகிறான். மற்றதில் பூச்சுக் கரண்டியோடு வருகிறான்.

"ஏங்க! பஞ்சு எடுக்கவா போனீங்க, பயிர் பண்ணவா?"

எனக்கு வேண்டியது முதல் முடிவு. அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது நடக்க வேண்டுமானால் நான் இந்த வாக்கியத்தை இப்படியே பாதியில்