ஆறாவது மாணிக்கச் செங்கல்

கடிதத்தை முதலாளி கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். நான் எடுத்து நீவிப் படித்தேன். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை, மொத்தம் அறுநூறு சதுர அடி. சுவர் முழுக்க மாணிக்கம், தரை மரகதம், கூரை நீலக்கல், ஜன்னலுக்கு வைரம், அஸ்திவாரம் உங்கள் இஷ்டம். என்ன செலவாகும் என்று வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நேரில் வந்து சொல்லவும்.

எழுதியவர் நகைக்கடைக்காரம்மா. ஐந்து மாடியில் புதுக் கடை கட்டப் போகிறவர். மூன்று கம்பெனிகளுக்கு இதே கடிதம் போயிருந்தது. யார் போடும் கணக்கு அவருக்குப் பிடிக்கிறதோ, அவர்களுக்குத்தான் கடை கட்டும் வேலை.

"அந்தம்மா நம்ம காதுல பூ சுத்துது. கல்லுல வீடு கட்டுவாங்களாம்," என்றார் முதலாளி.

"சார், நான் போட்டுத் தரேன்."

"உனக்கு வேற வேலை இல்லையா, கால்குலேட்டர்?"

ஆபீசில் எனக்கு அதுதான் பெயர். பத்தொன்பது வருடமாக அந்த ஆபீசில் எஸ்டிமேட் போடுகிறேன். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், தண்ணீர்த் தொட்டி என்று இந்த ஊரில் பாதிக் கட்டடங்களின் செங்கல் கணக்கு என் தலைக்குள் இருக்கிறது. ஆனால் எந்த எஸ்டிமேட்டைப் புரட்டினாலும் கடைசிப் பக்கத்தில் முதலாளியின் கையெழுத்துதான் இருக்கும். தயாரித்தவர் என்ற இடத்திலும் அவர்தான், சரிபார்த்தவர் என்ற இடத்திலும் அவர்தான்.

அன்றைக்கு எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "இந்த வேலை நமக்குக் கிடைச்சா, கடை எஸ்டிமேட்டுல நான் கையெழுத்துப் போடணும் சார்," என்றேன்.

அவர் சிரித்தார். "கிடைச்சா போட்டுக்கோம்மா. நானா வேண்டாங்கறேன்?"

கிடைக்காது என்ற நம்பிக்கையில் சொன்னார். எனக்கோ கால் தரையில் பாவவில்லை. டீயைக்கூட ஆறவிட்டுவிட்டு உட்கார்ந்தேன். சுவர் நீளம் நூற்றிருபது அடி, உயரம் பத்து, கனம் ஒன்பது அங்குலம். கதவு ஜன்னல் கழித்தால் எண்ணூறு கன அடி. ஒரு கன அடி மாணிக்கம் நூற்றுப் பதிமூன்று கிலோ! செங்கல் சுவரைப் போல இரண்டு மடங்கு எடை. மொத்தம் தொண்ணூறு டன். காரட்டில் சொன்னால் நாற்பத்தைந்து கோடி. இதைத் தாங்க அஸ்திவாரத்தை இன்னும் அகலமாக்க வேண்டும். நீலக்கல்லுக்குள் கம்பி போட வழியில்லை, தட்டையாகப் போட்டால் பிளந்துவிடும் என்று கூரையை வளைவாக்கினேன். இத்தனை வருட வேலையில் இவ்வளவு சந்தோஷமாக நான் பெருக்கல் போட்டதே இல்லை.

அளவு வந்துவிட்டது. விலைக்கு என் அக்காவிடம்தான் போக வேண்டும். வேறொரு நகைக்கடையில் கல் தரம் பார்ப்பவள் அவள். மறுநாள் மதியம் அவள் வேலை செய்யும் பின்னறைக்குப் போனேன். கண்ணில் லென்ஸும் கையில் இடுக்கியுமாக உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத் தாளின் மேல் கடுகளவு கற்கள்.

"அக்கா, மாணிக்கம் என்ன விலை?"

"எத்தனை வேணும்?"

"நாப்பத்தஞ்சு கோடி காரட்."

இடுக்கியில் இருந்த கல் எகிறி எங்கோ விழுந்தது. அதை இரண்டு பேரும் மேஜைக்கடியில் தவழ்ந்து தேடினோம். தேடிக்கொண்டேதான் விஷயத்தைச் சொன்னேன். கல் கிடைத்தபோது அவளுக்கும் வெறி பிடித்துவிட்டது.

"தரைக்கு மரகதமா? சோப்புத் தண்ணி போட்டுத் துடைச்சிராதடி. கல்லுக்குள்ள எண்ணெய் ஏத்தியிருப்பாங்க. அது போச்சுன்னா கீறல் எல்லாம் பல்லை இளிக்கும். வேஸ்டேஜ் எவ்வளவு போட்டிருக்கே?"

"அஞ்சு பர்சென்ட்."

"போடி பைத்தியம்! பட்டை தீட்டினா பாதிக்கு மேல தூளாப் போகும்."

எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியில் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். "சரி, மொத்தமா எடுத்தா எவ்வளவு குறைப்பாங்க?"

அக்கா லென்ஸைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"குறைப்பாங்களா? இது என்ன, லாரி லோடு செங்கல்லா? நீ முதல் கிலோ வாங்கும்போதே ஊர் முழுக்கத் தெரிஞ்சிரும். ரெண்டாவது கிலோவுக்கு ஏத்துவான். மூணாவது கிலோவுக்கு ஒளிச்சு வெச்சுக்குவான்."

நிறைய வாங்கினால் விலை குறையும் என்பது கட்டடக்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். தள்ளுபடிக்கென்று தனி வரியே எங்கள் தாளில் அச்சடித்திருக்கும். கை தானாக அதை நிரப்பும்.

"அப்ப எவ்வளவுதான் கிடைக்கும்?"

அவள் மூன்று கல் வியாபாரிகளுக்கு ஃபோன் போட்டாள். ஒவ்வொருவரிடமும் குழைந்து, அதட்டி, கையில் இருக்கும் நல்ல மாணிக்கம் எவ்வளவு என்று கறந்துவிட்டாள். மூன்று பேருடையதும் சேர்த்து நாற்பது கிலோ. நான் வகுத்துப் பார்த்தேன். ஒரு மாணிக்கச் செங்கல் எட்டு கிலோ.

"அக்கா, அஞ்சு செங்கல்."

"எத்தனை வேணும்னே?"

"பதினோராயிரத்துச் சொச்சம்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சின்ன வயதில் பரண் மேல் ஏறி எதையாவது கண்டுபிடித்தால் பார்த்துக்கொள்வோமே, அப்படி.

புதன்கிழமை என் எஸ்டிமேட்டை முதலாளி மேஜையில் வைத்தேன். அளவெல்லாம் முழுதாக இருந்தது. விலைப் பத்தியில் மட்டும் இப்படி எழுதியிருந்தேன்: மாணிக்கச் சுவர், முதல் ஐந்து செங்கல்லுக்கு விலை உண்டு. ஆறாவது செங்கல்லிலிருந்து விலை தெரியாது. தள்ளுபடி இல்லை.

அவருக்கு முகம் சிவந்தது. "எஸ்டிமேட்டுல யாராவது தெரியாதுன்னு எழுதுவாங்களா? தெரியாததுக்கு ஒரு தொகை போடறதுக்குப் பேருதாம்மா எஸ்டிமேட்டு!"

"சார், அவங்க கல் வியாபாரி. அவங்ககிட்டப் போய்..."

"நீ சும்மா இரு."

அவரே உட்கார்ந்து ஒரு காரட் விலையை நாற்பத்தைந்து கோடியால் பெருக்கினார். மொத்தக் கொள்முதல் தள்ளுபடி பன்னிரண்டு சதவீதம் கழித்தார். ஒன்றுக்குப் பின்னால் பதினான்கு சைபர் வருமாறு முழுமையாக்கி, வழவழப்பான தாளில் அச்சடித்தார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் தோற்றதாகிவிடும் என்று என் தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை முதலாளியோடு நானும் போனேன். கடைக்காரம்மா தன் அறையில் மூன்று கம்பெனிக்காரர்களையும் ஒன்றாகவே உட்கார வைத்தார். வெள்ளை முடி, விரலில் ஒரு மோதிரம்கூட இல்லை. மூன்று எஸ்டிமேட்டையும் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார்.

"ஒருத்தர் பத்து பர்சென்ட் தள்ளுபடி போட்டிருக்கீங்க. ஒருத்தர் பன்னெண்டு. ஒருத்தர் பதினஞ்சு," என்றார். "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"

பதினைந்து போட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னும் ரெண்டு பர்சென்ட் பேசிப் பாக்கலாம்மா."

எனக்கு மண்டைக்குள் சுரீரென்றது. வாயைத் திறந்தால் முதலாளிக்கு எதிராகப் பேச வேண்டும். வேலை போகலாம். திறக்காவிட்டால் பன்னிரண்டு பர்சென்ட் கிடைக்கும் என்று நம்பும் ஆளாகவே நானும் இந்த அறையை விட்டு வெளியே போவேன். அதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

"அம்மா, தள்ளுபடி கிடைக்காது," என்றேன். "விலை ஏறும். இன்னைய தேதிக்கு அஞ்சு செங்கல்தான் வாங்க முடியும். ஆறாவது செங்கல்லுக்கு விலை சொல்ற ஆளே கிடையாது."

முதலாளி மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். நான் காலை இழுத்துக்கொண்டு தொடர்ந்தேன். "இன்னொண்ணு. எங்கேயோ தோண்டித் தோண்டிக் கொண்டாந்து எப்படியோ கட்டி முடிச்சுட்டீங்கன்னு வைங்க. உலகத்துல மாணிக்கம் தொண்ணூறு டன் இருக்குன்னு ஆயிரும். அன்னைக்கு உங்க கடையில இருக்கிற மாணிக்கம் ஜல்லி விலைக்குத்தான் போகும்."

கடைக்காரம்மா மேஜையைத் தட்டிச் சிரித்தார். "முப்பது வருஷமா இதச் சொன்னா கட்டடக்காரங்க யாருக்கும் புரியல! எங்க, தாளைக் காட்டுங்க."

மடித்து மடித்துக் கசங்கிய தாளை நீட்டினேன். மரகதத் தரையில் சோப்பு கூடாது என்று ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்துத் தலையாட்டினார். "சரி, என் கடைக்கு வருவோம். அதுல உங்களுக்கு என்ன தெரியாது?"

"மண்ணு," என்றேன். "இன்னும் சோதிச்சுப் பாக்கல. அஸ்திவாரத்துக்கு இப்பவே ஒருத்தர் தொகை சொன்னா நம்பாதீங்க."

முதலாளி மென்று முழுங்கினார். போன மாதமே இதே அம்மாவிடம் அவர் ஒரு தொகை சொல்லியிருந்தார்.

"வேலை உங்களுக்குத்தான்," என்றார் கடைக்காரம்மா. சொன்னது முதலாளியிடம் இல்லை, என்னிடம். "இந்தத் தாளை நான் ஃபைல்ல வைக்கணும். கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளியைப் பார்த்தேன். சொன்ன சொல்லை மீற முடியாமல் தலையை ஆட்டினார். பேனாவை வாங்கி, கடைசி வரிக்குக் கீழே சர்ரென்று இழுத்தேன்.

இழுத்த பிறகுதான் பார்த்தேன். அது முதலாளியின் கையெழுத்து. மேலே ஒரு கொக்கி, கீழே இரண்டு கோடு, அச்சு அசல் அவருடையது. பத்தொன்பது வருடமாக அவருக்கு நேரமில்லாத நாளெல்லாம், அதாவது எல்லா நாளும், நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன். என் கைக்கு வேறு எதுவும் பழக்கமில்லை.

கடைக்காரம்மா வழவழப்பான எஸ்டிமேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அந்தக் கையெழுத்தையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஜன்னலைப் பார்த்தார்.

எங்கள் வேலையில் எழுதியதை அழிக்கக் கூடாது. தப்பு வந்தால், அது படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் திருத்தியவர் கையெழுத்துப் போட வேண்டும். கோடு இழுத்தேன். என் பெயரை எழுத்துக்கூட்டி, குழந்தை எழுதுவது போல மெதுவாக எழுதினேன்.