ஒன்றரை மணிக்குக் கட்டம் இல்லை

1

இந்தக் கதை ஒரு பாராட்டுச் சான்றிதழிலிருந்து பிறந்தது. கண்ணாடி போட்டு என் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. 'ஆம்புலன்ஸ் பணியாளர் நேர அட்டவணையைச் சீரமைத்ததற்காக' என்று அதில் இருக்கிறது. அதில் பொய் இல்லை, பாதிக் கதைதான் இருக்கிறது. மீதியை எழுத உட்கார்ந்து நான்கு மாதம் ஆகிறது. இன்னும் முதல் வரியே வரவில்லை.

வேலூரில் ஓர் ஆம்புலன்ஸ் நிறுவனத்தில், யார் எந்த வண்டியில் எப்போது ஏற வேண்டும் என்று கணினியில் கட்டம் போடுவது என் வேலை. வாலாஜாபேட்டையிலிருந்து ஆம்பூர் வரை பதினொரு வண்டிகள்.

2

முதல் தொடக்கம்: 'பாலாற்று மணலில் மதிய வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது' [வேண்டாம். இந்தக் கதையில் ஆறே வராது.]

இரண்டாவது: 'பூவம்மாளுக்குக் காலையிலிருந்தே மார்பில்' [அவருக்குக் காலையில் என்ன செய்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவரை நான் பார்த்ததே இல்லை.]

மூன்றாவது: 'நான் நல்லதுதான் நினைத்தேன்.' [உண்மை. அதனாலேயே எழுதக் கூசுகிறது.]

3

நினைத்த நல்லது இது. அதுவரை எங்கள் ஆட்கள் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்தார்கள். ஸ்டியரிங்கிலேயே கண் அசந்தவர்கள் உண்டு. நான் அதை எட்டு மணி நேரமாக்கினேன். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று ஆள் மாறுவார்கள். கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். ஆம்பூர் வண்டியின் மருத்துவ உதவியாளர் மெர்சி மட்டும் கூட்டம் முடிந்ததும் என் மேசைக்கு வந்தார்.

"சார், ஆம்பூருக்கு ரெண்டு மணி வேணாம் சார். ஷூ கம்பெனி எல்லாம் விடுற நேரம். கம்பெனி பஸ்ஸுங்க நிக்கும், ரோடே பேஜாராய்டும். நம்ம டிரைவருங்க எப்டி வந்து சேருவாங்க? ஒன்றரைக்கு வைங்களேன்."

மென்பொருளில் முழு மணிக்குத்தான் கட்டம் இருந்தது. ஒன்றரைக்கு இடமில்லை. மாற்றித் தரச் சொல்லிச் சென்னைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். "பாக்கலாம்மா" என்றேன். பார்க்கவில்லை.

(* ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று என் அம்மா அடிக்கடி சொல்வார். என்னைப் பார்த்துத்தான் சொல்வார்.)

4

இன்னொரு காரியமும் செய்தேன். ஆம்பூர் ஓட்டுநர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வண்டிச் சாவியை ஆணியில் மாட்ட மாட்டார்கள். அடுத்தவர் வந்து கை நீட்டும்வரை சாவி முன்னவரின் சட்டைப் பையில்தான். அரை மணி ஆனாலும் காத்திருப்பார். வந்தவர் மறுநாள் வேறு விதத்தில் ஈடுகட்டுவார். என் திரையில் இது 'கூடுதல் நேரம்' என்று சிவப்பாகத் தெரிந்தது. பணி முடிந்த ஐந்து நிமிடத்துக்குள் சாவியை ஆணியில் மாட்டி, விரல்ரேகை வைத்துவிட்டு வெளியேற வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டேன். தபரேஸ் என்ற ஓட்டுநர் ஒருநாள் இருபது நிமிடம் தங்கியதற்கு விளக்கம் கேட்டேன். 'இனிமேல் தங்க மாட்டேன் ஐயா' என்று எழுதிக் கொடுத்தார்.

தங்கவில்லை.

5

ஒரு வியாழக்கிழமை. மதியம் இரண்டு ஐந்துக்குத் தபரேஸ் சாவியை மாட்டிவிட்டுப் போனார். இரண்டு ஏழுக்கு அழைப்பு வந்தது. கம்பெனி வாசலில், வேலை முடிந்து வந்த பூவம்மாள் என்ற தையல் தொழிலாளி மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். வண்டி தயாராக நின்றது. மெர்சி ஏறி உட்கார்ந்துவிட்டார். ஓட்டத்தான் ஆள் இல்லை. விரிஞ்சிபுரத்திலிருந்து வரும் அடுத்த ஓட்டுநர் இன்பராஜ், கம்பெனி பஸ்களுக்குப் பின்னால் சிக்கிய பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் ஓடி வந்துகொண்டிருந்தார்.

வண்டி கிளம்பும்போது மணி இரண்டு இருபத்தாறு. பூவம்மாள் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே இறந்துவிட்டார்.

[ஒரு வரைவில் அவரைப் பிழைக்க வைத்தேன். மருமகள் வார்டுக்கு ரசம் சாதம் கொண்டு வருகிறாள், இவர் உப்பு கம்மி என்கிறார். நன்றாகவே வந்திருந்தது. கிழித்துவிட்டேன்.] சீக்கிரம் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. பிழைத்திருக்க மாட்டார் என்றும் சொல்லவில்லை.

6

விசாரணை அறிக்கையை எழுதியது நான். 'ஓட்டுநர் இன்பராஜ் இருபத்தைந்து நிமிடம் தாமதமாகப் பணிக்கு வந்ததே காரணம்.' அவர் வேலை போயிற்று. மெர்சி வாய் திறக்கவில்லை. திறந்தால் தன் வேலையும் போகும் என்ற பயத்தை அவருக்குக் கொடுத்ததும் நான்தான். இப்போதெல்லாம் 'குட்மார்னிங் சார்' தவிர அவர் என்னிடம் எதுவும் பேசுவதில்லை.

அடுத்த மாதமே சென்னைக்குக் கடிதம் எழுதினேன். பத்தே நாளில் அரை மணிக் கட்டம் வந்துவிட்டது. ஆம்பூருக்கு ஒன்றரை மணி என்று மாற்றினேன். சாவி கைக்குக் கை மாற வேண்டும் என்பதையும் விதியாக்கினேன். அதற்குத்தான் சான்றிதழ். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாராட்டு எந்த இடம் என்று பழமொழியில் இல்லை.

7

போன மாதம் பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஓட்டியவர் இன்பராஜ்.

"சார், நல்லாக்கீறீங்களா? ஆம்பூருக்கு ஒன்றரை மணின்னு மாத்திட்டீங்களாமே. தபரேஸ் சொன்னான். இப்ப டென்ஷன் கம்மியாய்டுச்சாம்."

கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். கொஞ்ச தூரம் போனதும் அவரே சொன்னார்.

"நான்தான் சார் ஒரு பஸ் முன்னாடி ஏறியிருக்கணும். அந்தம்மா மூஞ்சி கண்ணுலயே நிக்குது. இன்னா பண்ணாலும் போவ மாட்டேங்குது."

சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. நான் இறங்க வேண்டிய இடமும் வந்தது. இறங்கிவிட்டேன்.

8

முடிவு அ: நான் இறங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்கிறேன். அவர் ஆட்டோவை ஓரம்கட்டி [அடித்தால் வாங்கிக்கொள்வேன். 'பரவால்ல சார்' என்று சொல்லிவிட்டால்?]

முடிவு ஆ: அவருக்கு எல்லாம் முன்பே தெரியும். என் வாயால் வருகிறதா என்று பார்த்தார். [எனக்கு வசதியான முடிவு. தெரிந்த மனிதர் அப்படிச் சிரிக்க மாட்டார்.]

ஆகவே முடிவை உங்களிடம் தருகிறேன். வேலூரில் ஷேர் ஆட்டோவில் ஏறினால் ஓட்டுபவரின் பெயரைக் கேளுங்கள். இன்பராஜ் என்றால் இதைச் சொல்லுங்கள்: 'தப்பு உங்கள் மேல் இல்லை. மெர்சி முன்பே எச்சரித்தார். உங்கள் சார் ஒரு கடிதம் எழுதச் சோம்பல்பட்டார்.'

இப்படி எழுதி முடித்துப் பேனாவை மூடிய பிறகுதான் நினைவு வந்தது. வேலைக்கு ஆபத்து வரக் கூடாது என்று, என் வேலைக்குத்தான், முதல் வரைவிலேயே அவர் பெயரை மாற்றிவிட்டேன். எந்த ஆட்டோவில் ஏறிக் கேட்டாலும் உங்களுக்கு அந்த இன்பராஜ் கிடைக்க மாட்டார்.

அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியும். பழைய பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறார்.