கிளிப்பச்சை வண்டி

"இந்த வண்டிக்கா சார்?" என்று கேட்டுவிட்டு, பிலிம் ஒட்டுகிற பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. அந்தப் பட்டறைக்கு வருபவை பெரும்பாலும் புதுக் கார்கள். இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் ஷோரூமிலிருந்து நேராக ஓட்டிவந்து நிறுத்துவார்கள். ரோட்டில் கல் தெறித்துப் பெயிண்ட் பெயராமல் இருக்க, கண்ணுக்கே தெரியாத ஒரு பிலிமை மேல்தோல் போல ஒட்டிக்கொண்டு போவார்கள். இவர் கொண்டுவந்ததோ கிழடு தட்டிய வண்டி. அதிலும் கிளிப்பச்சை. அந்த நிறத்தில் கம்பெனி வண்டி விடுவதை நிறுத்தி எவ்வளவோ காலமாகிவிட்டது.

"இதுக்குத்தாம்மா," என்றார் அவர்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் கண்ணாடிக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடையை மூடியாயிற்று, பெயர் மட்டும் போகவில்லை.

அவள் குனிந்து பானெட்டைப் பார்த்தாள். முன்பக்கம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி வெள்ளைப் புள்ளிகள். சிலவற்றில் துரு எட்டிப்பார்த்தது.

"கல்குவாரிப் பக்கம் போயிட்டு வர்றீங்களா?"

"தினமும்."

"பிலிம் போட்டா இனிமே வர்ற கல்லு நிக்கும் சார். ஏற்கனவே பட்ட அடிய அது மறைக்காது. உள்ள இருக்கிறத அப்படியே காட்டும். முதல்ல ஒவ்வொரு புள்ளியையும் பெயிண்ட் வச்சு அடைச்சு, காயவிட்டு, தேச்சு சமமாக்கணும். அதுக்கு மேலதான் பிலிம். அதுக்குப் பேசாம பானெட்ட மொத்தமா பெயிண்ட் அடிச்சிடலாமே?"

"வேணாம். நிறம் கொஞ்சம் மாறிடும்."

"கண்டுபிடிக்க முடியாத மாதிரி கலந்து தருவாங்க."

"கண்டுபிடிச்சிடுவாங்க. எங்க வீட்டுக்காரம்மா."

"அவ்வளவு கூர்மையான கண்ணா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றார்.

அவள் சாவியை வாங்கிக்கொண்டு, வேலை முடிந்ததும் போன் செய்வதாகச் சொன்னாள்.

அவர் மனைவி இருந்தது ஊருக்கு வெளியே, குவாரியைத் தாண்டி ஒரு பராமரிப்பு இல்லத்தில். மறதி நோய். முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள், பிறகு வீட்டுக்கு வரும் வழியை மறந்தாள். ஒருநாள் காலையில் காபியோடு வந்த அவரைப் பார்த்து, "நீங்க யாரு சார்?" என்று மரியாதையாகக் கேட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து "ஏங்க" என்று மட்டுமே கூப்பிட்டவள். அந்த "சார்" அவருடைய நெஞ்சில் முள்ளாகத் தைத்து அங்கேயே தங்கிவிட்டது.

ஆனால் அவள் வண்டியை மறக்கவில்லை. அந்த நிறத்தைப் பிடிவாதமாக நின்று வாங்கவைத்தவளே அவள்தான். அவர் சாம்பல் நிறம் கேட்டார். "சாம்பல்ல வண்டி வாங்கறதுக்கு நான் எதுக்கு உங்ககூட வரணும்? கண்ண மூடிட்டு நீங்களே வாங்கிக்கலாமே," என்றாள். தெருவில் எல்லோரும் சிரித்தார்கள். மகள் அதற்குக் கிளி என்று பெயர் வைத்தாள். சந்தைக்குப் போனால் நூறு வண்டிக்கு நடுவே தேடாமல் கண்டுபிடிக்கலாம், அதுதான் லாபம் என்று அவரும் பிறகு சமாதானமானார்.

இல்லத்தில் அவள் அறை மாடியில். ஜன்னலிலிருந்து பார்த்தால் வாசல் தெரியும். பச்சை வண்டி உள்ளே நுழைந்ததும், "எங்க வீட்டுக்காரர் வந்துட்டாரு," என்று நர்ஸிடம் சொல்வாள். அவர் படியேறி உள்ளே போனால், "வாங்க சார். அவர் எங்க?" என்பாள்.

"வண்டிய ஓரமா விட்டுட்டு வர்றாரு."

அது போதும். கதவைப் பார்த்தபடி சந்தோஷமாக உட்கார்ந்திருப்பாள். அவர் எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். சற்று நேரத்தில் எதற்காகக் காத்திருக்கிறாள் என்பதையே மறந்துவிடுவாள். பிறகு அவர் எழுந்து வீட்டுக்குப் போவார். வீட்டில் ஆளில்லாத அறையில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். பேச்சுக்குரல் கேட்கட்டும் என்று அவரே போட்டுவிட்டு வந்ததுதான்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. போன வாரம், வண்டி வாசலில் நுழைந்தபோது அவள் ஜன்னலில் நின்று முகத்தைச் சுளித்தாள். "இது எங்க வண்டி இல்ல. எங்க வண்டில ஒரு கீறல் இருக்காது. தினமும் துடைப்பாரு," என்றாளாம். நர்ஸ் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அவர் மேலே போனபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். மறுநாளே பட்டறையைத் தேடிப் போனார்.

வண்டி பட்டறையில் இருந்த நாட்களில் பேருந்தில் போனார். வாசலில் பச்சை நிறம் எதுவும் நுழையவில்லை. ஆகவே அவள் யாரையும் எதிர்பார்த்திருக்கவில்லை. அவர் உள்ளே போனதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரப் பாக்க வந்தீங்க சார்?"

"சும்மாதான். எல்லாரையும் பாத்துட்டுப் போலாம்னு."

"உக்காருங்க. இங்க பேச்சுக்கு ஆளே கிடைக்காது. எல்லாரும் தூங்குமூஞ்சிங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் இவ்வளவு பேசிக் கேட்டு எத்தனை நாளாயிற்று. கதவைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எங்க வீட்டுக்காரர் கண்ணாடிக் கடை வச்சிருக்காரு. ஊர்ல இருக்கிறவங்க கண்ணையெல்லாம் பாப்பாரு. நான் இன்னிக்கு என்ன கலர்ல உடுத்தியிருக்கேன்னு கேளுங்க, முழிப்பாரு."

"அப்படியா?"

"பேச்சும் அளந்துதான். வாயத் தொறந்தா முத்து உதிர்ந்திடும்."

"கஷ்டம்தான் உங்களுக்கு."

"கஷ்டம்னு யாரு சொன்னா?" சட்டென்று கோபம் வந்தது அவளுக்கு. "நான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டப்போ சுவத்துல கொண்டுபோய் இடிச்சேன். முன்னாடி லைட்டு தூள்தூளாப் போச்சு. ஒரு வார்த்தை சொல்லல அந்த மனுஷன். 'உனக்கு அடி படலியே'ன்னு மட்டும் கேட்டாரு. யாரு கேப்பாங்க அப்படி?"

அவருக்கு அது நினைவிருந்தது. கேட்டுவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்க் கோபம் தணியும்வரை நின்றதும் நினைவிருந்தது.

மறுநாளும் பேருந்தில் போனார். அவள் முந்தின நாள் வந்த ஆளை மறந்திருந்தாள். மறுபடியும் உட்காரச் சொன்னாள், மறுபடியும் வீட்டுக்காரரைப் பற்றித்தான் பேச்சு. இம்முறை குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சாயங்காலம் ஆச்சுன்னா அடுப்பச் சின்னதா வச்சிட்டு வாசல்ல வந்து நின்னுடுவேன். தெருமுனையில கிளி திரும்புற சத்தம் கேட்டா ஒரே ஓட்டமா உள்ள போயிடுவேன். காத்திருந்தேன்னு தெரியக்கூடாது பாருங்க. அவர் உள்ள வந்ததும் ஏன் இவ்வளவு நேரம்னு சண்டை."

"அவருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா தலைக்குமேல ஏறி உக்காந்துக்க மாட்டாரா?"

அவருக்குத் தெரியாதுதான். இத்தனை வருஷத்துச் சண்டைகள்தான் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்க வீட்ல யாரு சார் இருக்கா?"

"வீட்டுக்காரம்மா. இப்ப கொஞ்சம் வெளிய இருக்காங்க."

"எப்ப வருவாங்க?"

"தெரியலம்மா."

"வந்துடுவாங்க. கவலப்படாதீங்க," என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

அன்று வீடு திரும்பும்போது பேருந்தில் உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார். அவள் தட்டிக்கொடுத்த கையால் கம்பியைப் பிடிக்கவில்லை.

பட்டறைப் பெண் போன் செய்தாள். "வண்டி ரெடி சார். வந்து எடுத்துக்கலாம்."

"நாளைக்கு வர்றேனே."

மறுநாளும் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னார். "வெளிய நிறுத்தினா தூசி படியும் சார், மனசு வரல," என்று அவள் சொன்னதற்கு, "உள்ளேயே இருக்கட்டும்மா," என்றார். பேருந்தில் போய் இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டியிருந்தது அவருக்கு. மனைவி வாயிலிருந்து தன்னைப் பற்றிக் கேட்பதில் இவ்வளவு ஆசை வரும் என்று அவர் நினைத்ததே இல்லை. வேறொருத்தனைப் பார்த்துப் பொறாமைப்படுவதும் தானே அந்த ஒருத்தன் என்று பெருமைப்படுவதும் ஒன்றாகவே நடந்தது.

அடுத்த முறை போனபோது நர்ஸ் படிக்கட்டிலேயே அவரை நிறுத்தினாள்.

"வண்டிக்கு என்ன ஆச்சுங்க ஐயா?"

"வேலைக்கு விட்டிருக்கேன்."

"அம்மா நேத்து ராத்திரி சாப்பிடல. காலையில இருந்து ஜன்னல விட்டு நகரல. நீங்க வந்து பேசிட்டுப் போற வரைக்கும் சரியா இருக்காங்க. நீங்க போனதும் ஆரம்பிச்சிடுது. 'வண்டி எங்கயோ இடிச்சிருக்கு, எல்லாரும் எங்கிட்ட மறைக்கிறாங்க'ன்னு ஒரே புலம்பல்."

அவர் மேலே போகவில்லை. அப்படியே திரும்பினார். தனக்கு இரண்டு நாள் பேச்சுத்துணை கிடைத்தது என்பதற்காக அவளைப் பட்டினி போட்டுவிட்டோமே என்று நினைத்தபோது முகம் சுட்டது.

பட்டறையில் வண்டி விளக்கு வெளிச்சத்தில் நின்றது. தூசி வராமலிருக்க ஜன்னல் இல்லாத அறை, மின்விசிறி கிடையாது. அந்தப் பெண் அதற்குள்தான் நாள் முழுக்கத் தனியாக வேலை செய்கிறாள்.

"கைய வச்சுப் பாருங்க," என்றாள். "ஓரத்தையெல்லாம் உள்பக்கமா மடிச்சு விட்டிருக்கேன். நகத்தால தேடினாக்கூட விளிம்பு சிக்காது. அங்கங்க சின்னதா தண்ணிக் கொப்புளம் தெரியும், வெயில்ல தானா வத்திடும். ஒரு வாரம் மட்டும் கழுவாதீங்க."

வாழ்நாள் முழுக்க லென்சில் கீறல் தேடிய கண்ணால் பார்த்தார். புள்ளி எங்கே இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை. பச்சை பழையபடியே பச்சையாக இருந்தது.

"உடம்பு இப்ப பரவாயில்லையா சார்?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. சும்மா சொன்னேன்."

அவள் அறைக் கதவை அகலமாகத் திறந்துவிட்டாள்.

குவாரி ரோட்டில் முன்னால் போன டிப்பர் லாரியிலிருந்து ஜல்லி சிதறியது. பானெட்டில் டப் டப் என்று சத்தம் கேட்டது. பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டார். ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தார். ஒரு தடயம் இல்லை. விரலால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார்.

இல்லத்து வாசலில் நுழையும்போதே அவள் ஜன்னலில் நிற்பது தெரிந்தது. வழக்கமான இடத்தில் நிறுத்திவிட்டு மேலே போனார். அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். நர்ஸ் கண்ணாடியைப் பிடித்திருந்தாள்.

"வாங்க சார். வண்டி வந்துடுச்சு பாத்தீங்களா? ஒண்ணும் ஆகல அவருக்கு."

"பாத்தேன். சந்தோஷம்."

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அவர் இப்ப மேல வந்துடுவாரு. ரொம்ப நாளாச்சு நாங்க பேசி. கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

"அதுக்கென்னம்மா," என்று வெளியே வந்தார்.

நடைபாதையில் நின்றார். ஒரு தள்ளுவண்டியில் துவைத்த துணி போயிற்று. யாரோ இருமினார்கள். அங்கே எவ்வளவு நேரம் நின்றாலும் அந்த அறைக்குள் போகவேண்டிய ஆள் வரப்போவதில்லை. படியிறங்கி வண்டிக்குள் போய் உட்கார்ந்தார். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தவர், தலையைத் தாழ்த்தி மேலே பார்த்தார். அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டிக்குள் இருப்பவர் முகம் அவளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவர் கார்க் கண்ணாடியை இறக்கி, கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டினார்.

அவள் கையை உயர்த்தினாள். பெரிதாக, சின்னப் பிள்ளை மாதிரி ஆட்டினாள். பிறகு மேலே வரச்சொல்லிச் சைகை காட்டினாள்.

போனால் சார் ஆகிவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். சற்று நேரம் கையை வெளியே வைத்தபடியே இருந்தார். பிறகு இறங்கிப் படியேறினார்.

"நீங்களா சார்? வாங்க, உக்காருங்க," என்றாள். கோபமே இல்லை. கதவையும் பார்க்கவில்லை. "அவர் கீழதான் இருக்காரு. இப்பதான் கையாட்டினாரு."

"மேல வரலியா?"

"வருவாரு. வண்டிய விட்டு இறங்க மனசு வராது அவருக்கு." ஜன்னல் பக்கம் திரும்பி ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "ஆனா இளைச்சிட்டாரு சார். கையப் பாத்தாலே தெரியுது. ஒழுங்கா சாப்பிடறதில்ல போல. நீங்க கீழ போறப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க. நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க."

"சொல்றேம்மா," என்றார் அவர்.