அதுக்கும் இதுக்கும்

…விரலை அசைத்தால் நிலா வரைக்கும் இழுக்குமாம், சொல்கிறார் சிறப்பு விருந்தினர் சுந்தரமூர்த்தி, சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டுகிறார், பிள்ளைகள் முந்நூறு பேரும் ஆளுக்கொரு விரலைத் தூக்கிப் பார்க்கிறார்கள்… இழுக்கும்தான், ஈர்ப்பு விசை, யார் இல்லை என்றது, நானும் வருடா வருடம் பதினொன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதுதான், ஆனால் நான் சொல்லும்போது இப்படிக் கண்ணை மூடிக்கொள்வதில்லை, குரலில் சந்தனம் பூசிக்கொள்வதில்லை. "எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சம்பந்தப்பட்டதுங்க, இந்தப் பிரபஞ்சத்துல சம்பந்தம் இல்லாத பொருள்னு ஒண்ணு கிடையவே கிடையாது…" சம்பந்தம். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை. அறிவியல் நாள் விழாவுக்கு இந்தக் கல்யாண மண்டபம்தான் கிடைத்ததா, பின்னால் சுவரில் பாதி கிழித்த மணமக்கள் பெயர் வேறு, சமையல்கட்டிலிருந்து நேற்றைய சாம்பாரின் புளித்த வாடை… மேடையில் நாலு நாற்காலி, கடைசியில் நான், ஜெமிமா, இயற்பியல் ஆசிரியை, மடியில் நன்றியுரைத் தாள். தாளில் முதல் பெயரே அவருடையது. எங்கள் தலைமையாசிரியை பிரேமா மேடம்தான் எழுதிக்கொடுத்தார், "அறிவுக்கடல்" என்று போட்டு. இன்னும் பத்து நிமிடத்தில் அந்தக் கடலுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

அதுகூடப் போகட்டும், வாய்தானே, சொல்லிவிட்டுக் கொப்பளித்துக்கொள்ளலாம், மூன்றாவது வரிசையில் அப்பா உட்கார்ந்திருக்கிறாரே, அதுதான். காலையில் யார் பேசுகிறார்கள் என்று கேட்டார், சொன்னேன், "ஆங், நல்ல மனுசன், நானும் வரேன், பாக்கணும்," என்று இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். நல்ல மனுசனாம். விழா முடிந்ததும் மேடையேறி இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இஸ்ரேலுங்க, போஸ்ட்மேன், ஞாபகம் இருக்குங்களா" என்று கேட்கத்தான் போகிறார், இவர் யாரோ என்று பார்க்கத்தான் போகிறார், அதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். என்னையே இவருக்கு அடையாளம் தெரியவில்லை. வணக்கம் வைத்தேன், "நல்லா இருங்கம்மா" என்றார், எந்த அம்மா என்று தெரியாமலே.

பதினோரு வருடம் ஆகிறது. கனகம்மாசத்திரத்தில் இவர் வீட்டுக்குப் பதினெட்டு வருடம் தபால் கொடுத்தவர் அப்பா, வாசலைத் தாண்டி உள்ளே போனது ஒரே ஒரு நாள்தான், எனக்காக. இவர் பிள்ளை தணிகைவேலும் நானும் விரும்பினோம், அவன்தான் சொன்னான், உங்கப்பாவை வந்து பேசச் சொல்லு, நைனா ஒண்ணும் சொல்ல மாட்டாரு, நாலு புத்தகம் எழுதினவரு என்று. போனார். நாங்க சர்ச்சுக்குப் போறவங்க, நீங்க கோயிலுக்குப் போறவங்க, சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்களோ என்று அப்பாவே மென்று முழுங்கிக் கேட்டிருக்கிறார், இவர் சிரித்த முகமாக, "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் ஏதுங்க?" என்றாராம். அவ்வளவுதான் சொன்னது. அப்பா ஒரு கிலோ மைசூர்பாகோடு வந்து நின்றார்… பெரிய மனுசன்மா, மதம் வேற கல்யாணம் வேற, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் ஏதுன்னுட்டாரு, ஒரே வார்த்தை… ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லாருக்கும் சொல்லி ஆயிற்று, ஆனி அத்தை எனக்குப் புடவை எடுத்துவிட்டாள். புதன்கிழமை தணிகைவேல் போன் பண்ணினான். எங்க நைனா சொன்னத உங்கப்பா தப்பா எடுத்துகினாரு ஜெமி, அதுங்களுக்கும் நமக்கும் சம்பந்தம் எப்படிடா ஆவும்னுதான் அவரு கேட்டாரு… சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது, அந்தச் சிரிப்பு இன்னும் காதில் பிசுபிசு என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுக்கும் இதுக்கும். நாங்கள் அது. மதத்தைச் சொல்லவில்லை மனுஷன், மதத்துக்கு முன்னால் நாங்கள் எந்தத் தெருவில் இருந்தோம் என்பதைச் சொன்னார், நாலு தலைமுறைக்கு முன்னால் ஞானஸ்நானம் வாங்கியும் அந்தத் தெரு எங்கள் மேலிருந்து போகவில்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்? பையனுக்கு மனசு மாறிடுச்சுப்பா என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து அப்பாவுக்குப் பையன் துரோகி, அவன் அப்பா தெய்வம். பேச்சு வரும்போதெல்லாம் "அவரு ஒத்துகினாரும்மா, பையன்தான் சரியில்ல." நான் தலையாட்டுவேன். அந்தத் தெய்வத்துக்குப் பதினோரு வருடமாகக் கற்பூரம் காட்டிக்கொண்டிருப்பது நான்தான், தூ.

இப்போது ஒளித்துகள் இரண்டைப் பற்றிச் சொல்கிறார். ஒரே இடத்தில் பிறந்த இரண்டு, ஒன்று இங்கே, இன்னொன்று அண்டத்தின் அந்தக் கோடியில், ஆனாலும் பின்னிக் கிடக்கின்றனவாம், இதைத்தான் நம் முன்னோர்கள் அண்டத்தில் உள்ளது பிண்டத்தில் என்று… கைதட்டல். மீதியைச் சொல்லுங்களேன் ஐயா, அந்தப் பின்னல் எவ்வளவு மெல்லிசு என்று, சுற்றி இருக்கிற காற்றில் ஒரு அணு வந்து தொட்டால்கூடக் கலைந்துவிடும் என்று. தொட்டால் போயிற்று என்பது உங்களுக்குத் தெரியாத பாடமா? தொண்டை வறண்டுவிட்டது போல, தண்ணீர் பாட்டிலை எடுக்கிறார். புதுசு, சீல் உடைக்காதது, அவர் ஒருவருக்காக வைத்தது, அதையும் அண்ணாந்து ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றிக்கொள்கிறார், தாடையில் வழிகிறது, சால்வையால் துடைக்கிறார். இந்த மண்டபத்துக் காற்றை எல்லாரும் மாற்றி மாற்றிச் சுவாசிக்கிறோம் என்று இப்போதுதான் சொன்ன வாய். உண்மைதான், அதுதான் குமட்டுகிறது… அவர் விட்ட மூச்சு என் நெஞ்சுக்குள் இருக்கிறது, நான் கேட்காமலே. அதைவிட அசிங்கம், இந்த ஆளை நினைக்காமல் எனக்கு ஒரு வாரம் போனதில்லை. பெற்ற பிள்ளைகூட இவரை இவ்வளவு நினைத்திருக்க மாட்டான். பின்னல் என்றால் இரண்டு பக்கமும் இருக்க வேண்டுமே, இவர் கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார், நான் மட்டும் பின்னிக்கொண்டு கிடக்கிறேனே, இது என்ன இயற்பியல்?

"அடுத்து நன்றியுரை, ஜெமிமா டீச்சர்." மைக்கில் அவர் எச்சில் வாடை. சொல்லிவிடலாம். இரண்டே வரி, முந்நூறு பேர் முன்னால், ஐயா எல்லாம் சம்பந்தம் என்கிறீர்கள், ஒரு போஸ்ட்மேனிடம் ஒரு நாள் என்ன சொன்னீர்கள்… நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்பாவைப் பார்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், மகள் மைக் முன்னால் நிற்கிற பெருமை, கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு. இத்தனை பேர் முன்னாலா அவருக்குத் தெரிய வேண்டும், மைசூர்பாகோடு வந்து நின்றவருக்கு? "அறிவு…" என்று ஆரம்பித்தேன், கடல் வரவில்லை. இருமினேன், மேடம் முறைத்தார். சிறப்பு விருந்தினர் அவர்களுக்கு நன்றி என்று சொல்லி, பெயரை விழுங்கிவிட்டு, மண்டபம் கொடுத்தவர், மைக் செட் வைத்த சுதாகர், எல்லாருக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னேன்.

தேசிய கீதம் முடிந்ததும் ஓடினேன், அப்பா மேடைப் பக்கம் திரும்புவதற்குள் பிடித்துவிட வேண்டும். அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். போலாமாம்மா, என்றார். அவரைப் பாக்கணும்னீங்களேப்பா? "நான் எதுக்கு அந்தாளப் பாக்கப் போறேன்? நீ தனியா அந்தாளு பக்கத்துல உக்காந்துகினு இருப்பியேன்னுதான் வந்தேன்."

அந்தாளு. பதினோரு வருடத்தில் ஒரு நாளும் அந்த வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சிரிச்சுகினேதான் சொன்னான். எனக்கு அங்கியே புரிஞ்சிடுச்சும்மா. பஸ் ஸ்டாண்டுல ஒரு மணி நேரம் உக்காந்துகினு இருந்தேன், உங்கிட்ட வந்து என்னான்னு சொல்றது? பையன் மேல கோவம்னா நாளாவட்டத்துல ஆறிடும். பொறப்பச் சொல்லி வேணாம்னாங்கன்னு தெரிஞ்சா ஆறுமா? பையனே வந்து ஏதாவது சொல்லிக் கழண்டுக்குவான், பழி அவனோட போவட்டும்னுதான்…" அப்படியானால் அந்த இனிப்பு, ஞாயிற்றுக்கிழமை சர்ச், நல்ல மனுசன் நல்ல மனுசன் என்று இத்தனை வருடம்… இந்த மனிதரை நல்லவராக வைத்திருக்க ஒரே வீட்டில் இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பாடுபட்டிருக்கிறோம், ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர். பொதட்டூர்பேட்டை பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது, அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார், புழுதியாலா என்று தெரியவில்லை.

"மைக்குல தெணறுனியே," என்றார், இப்போது என் முகத்தையே பார்த்து. "உனக்கு எப்போ தெரியும்?"

அன்றைக்கே தெரியும் என்று சொன்னால் அந்த ஒரு மணி நேரத்துக்கும் இத்தனை வருடத்துக்கும் என்ன மிஞ்சும் அவருக்கு? இன்னொரு பொய்யா, இனிமேலுமா, எத்தனை வருடத்துக்கு…

"இப்பதாம்பா," என்றேன்.