வெளிச்சம் விட்ட மணிகள்

விளக்குப் பலகை ஒன்றும் பெரிய கருவி இல்லை. பெட்டிக்குள் ஒரு குழல்விளக்கு, மேலே கண்ணாடி, அவ்வளவுதான். அதன்மேல் மக்காச்சோளத்தைப் பரப்பினால் சாதாரண மணி வெளிச்சத்தை அப்படியே விட்டுவிடும். லைசின் என்ற புரதச்சத்து கூடிய மணி இருட்டாகக் கிடக்கும். அந்தச் சத்துக்கான மரபணு தாய், தந்தை இரண்டு பக்கமிருந்தும் வந்தாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் மணி பத்தோடு பதினொன்று.

சத்தான மணியில் ஒரு சங்கடம் உண்டு. மாவாக உதிரும், வண்டுக்குக் கொண்டாட்டம். சத்தும் போகக்கூடாது, மணியும் கெட்டியாக வேண்டும் என்று ஆராய்ச்சிப் பண்ணையில் விதை உருவாக்கும் இந்த அம்மா வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார். அவருடைய மணி ஒவ்வொன்றும் பலகையில் பாதி இருட்டு, பாதி வெளிச்சம்; சத்தும் உண்டு, கெட்டியும் உண்டு. இந்தப் பருவத்து விதை தேறினால் விதைக் காப்பகத்துக்குப் போகும். இல்லாவிட்டால் அறுவடை முடிந்து அவர் ஓய்வுபெறும்போது அதுவும் கூடவே வீட்டுக்குப் போகலாம் என்று பண்ணை இயக்குநர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரிக்காமல் சொல்லியிருக்கலாம்.

வெயில் தாங்கி நின்றது ஒரே செடி. கதிரில் மகரந்தம் வாங்கும் பட்டுநூல் எட்டிப்பார்க்குமுன் காகித உறை மாட்ட வேண்டும். தவறினால் பக்கத்து வயலின் தீவன மக்காச்சோளம் மகரந்தத்தைத் தூவிவிடும். அன்று காலை கதிர் இன்னும் இலை மடிப்புக்குள்ளேயே இருந்தது. உறை மாட்ட இடமில்லை. நாளைக்குத்தான் வெளியே வரும் என்று கணித்தார்.

அப்போதுதான் மகனிடமிருந்து செய்தி வந்தது. மத்தியான ரயிலில் வருகிறானாம். அவன் முகத்தைப் பார்த்து மூன்று வருடமாகிறது. பூக்கும் காலத்தில் வயலை விட்டு நகராத மனுஷி, தலைகூட வாராமல் ஓடினார்.

ரயில் வந்தது, அவன் இறங்கவில்லை. அடுத்ததிலும் இல்லை. போனும் அணைந்திருந்தது. வேலை வந்துவிட்டது என்று ஒரு வரி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வயலுக்குத் திரும்பினால் பட்டுநூல் விரல் அகலத்துக்கு வெளியே வந்திருந்தது. அதற்குமேல் உறையை மாட்டினார். வீட்டில் அவனுக்காக வாங்கியிருந்த தலையணை உறையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தார். தனிமை பழகிவிட்டது என்று நினைத்திருந்தார், அன்று தாங்கவில்லை.

அறுவடைக்குப் பிறகு மணிகளைப் பலகையில் பரப்பினார். முக்கால்வாசி மணிகள் பளிச்சென்று வெளிச்சம் விட்டன. தாய்ப் பக்கத்துச் சத்து மட்டும் அவற்றுக்குள் ஒளிந்திருக்கும். இன்னொரு பருவம் விதைத்தால் நாலில் ஒன்றிலாவது மீட்டுவிடலாம். அவருக்குத்தான் இன்னொரு பருவம் இல்லை.

போன் அடித்தது. மகன். அதையும் இதையும் பேசிவிட்டுத் தயங்கிக் கேட்டான்.

"அம்மா, அன்னைக்கு ஸ்டேஷன்ல ரொம்ப நேரம் நின்னியா?"

"இல்லடா. பூக்கிற நேரம். வயலை விட்டுட்டு எப்படி வருவேன்?"

அவன் நிம்மதியாகச் சிரித்தான்.

"அதானே பார்த்தேன். உனக்கு எப்பவுமே சோளம்தான், நான் அப்புறம்தான்."

அவர் கண்ணாடிமேல் ஒளிர்ந்த மணிகளைப் பார்த்தார்.

"ஆமாடா," என்றார்.